பொறியில் விழுவது தாய்ப்பூச்சி இல்லை

கரிவலம்வந்தநல்லூர் சுற்றுவட்டாரத்தில் மழையை நம்பி பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கும் விவசாயிகளுக்கு இனக்கவர்ச்சிப் பொறி இன்று புதிய பொருள் இல்லை. வேளாண்மைத் துறை மானியத்தில் தருகிறது. மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு ஒரு லூர், பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இன்னொரு லூர் என்று வாங்கி, கம்பு நட்டுக் கட்டிவிடுகிறோம்.

அதற்குப் பிறகு இரண்டு விதமான பேச்சைக் கேட்க முடிகிறது. "பொறி கட்டியாச்சு, இனி புழு வராது" என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். "பொறி நிறைய தாய்ப்பூச்சி விழுந்துச்சு. ஆனாலும் காயைத் திறந்தா உள்ளே புழு இருக்கு. பொறி சும்மா ஏமாத்து வேலை" என்று சிலர் வெறுத்துப் போகிறார்கள். இரண்டு பேச்சுக்கும் காரணம் ஒன்றே. பொறியில் விழுவது தாய்ப்பூச்சி இல்லை. அத்தனையும் ஆண்.

இறக்கை முளைத்துப் பறக்கும் அந்துப்பூச்சியை நாம் பொதுவாகத் தாய்ப்பூச்சி என்று சொல்லிப் பழகிவிட்டோம். படைப்புழுவுக்கும் காய்ப்புழுவுக்கும் வைக்கும் லூரில் இருப்பது பெண் அந்து வெளியிடும் வாசனையின் செயற்கை வடிவம். அந்த வாசனையைத் தேடி வருவது ஆண்தான். முட்டையிடும் தாய் பொறிக்கு வெளியேதான் இருக்கிறாள். இந்த ஒரு விவரத்தைச் சொல்லாமல் பொறியை மட்டும் கையில் கொடுத்தால், அதைக் கட்டியவர் ஏமாறத்தான் செய்வார்.

பூச்சியும் சிலந்தியும் எப்படி இணை தேடுகின்றன, பெண் எந்த ஆணை ஏற்கிறது, எதை விரட்டுகிறது என்று ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. பாலினத் தேர்வு என்று அதற்குப் பெயர். 1871-ல் சார்லஸ் டார்வின் எழுதிய நூலில் இருந்து அது வளர்ந்து வருகிறது. பெண்ணுக்காக ஆண்களுக்குள் நடக்கும் போட்டியும், ஆண்களில் ஒன்றைப் பெண் தேர்ந்தெடுப்பதும் ஒவ்வொரு உயிரினத்தின் உருவத்தையும் குணத்தையும் மாற்றுகின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். இது கல்லூரிப் பாடம், நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வயலில் கட்டியிருக்கும் பொறி இந்த அறிவில் இருந்து வந்தது. அதைச் சரியாகப் பயன்படுத்துவதற்கும் இந்த அறிவே வேண்டும் என்பது என் கருத்து.

இலையில் ஓட்டை போடும் பாட்டுக்காரன்

நம் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ரோகிணி பாலகிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் சுவர்க்கோழி, சிள்வண்டு வகைப் பூச்சிகளின் ஓசையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். தரிசில் துளசி போல வாசம் வீசி வளரும் ஒரு களைச்செடியில் வாழும் சின்னஞ்சிறு சுவர்க்கோழி ஒன்று உண்டு. இரவில் ஆண் இறக்கையோடு இறக்கையை உரசிப் பாடும். பெண் பாடாது. கேட்டுவிட்டு, சத்தம் பலமாக இருக்கும் ஆணை நோக்கிப் போகும்.

அப்படியானால் உருவம் சிறுத்த, குரல் மெலிந்த ஆணுக்கு என்ன வழி? அது ஓர் இலையைத் தேர்ந்தெடுத்து, நடுவில் கடித்து ஓட்டை போடுகிறது. அந்த ஓட்டையில் உடலை நுழைத்து, இறக்கையை இலைப்பரப்போடு ஒட்ட வைத்துக்கொண்டு பாடுகிறது. இலை ஒலிபெருக்கி போல வேலை செய்து சத்தத்தைப் பல மடங்கு உயர்த்துகிறது. இப்படிப் பாடும் சிறிய ஆண், பெரிய ஆணுக்குச் சமமாகப் பெண்களை ஈர்க்கிறது என்று 2020-ல் ரித்திக் தேப், சம்பிதா மோதக், ரோகிணி பாலகிருஷ்ணன் மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை காட்டியது. சிறியதா பெரியதா என்று பார்க்காமல், சத்தத்தை மட்டும் நம்பிப் பெண் ஏமாந்து போகிறது.

இதில் விவசாயிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பூச்சி உலகில் இணை சேர்வது தற்செயலாக நடப்பதில்லை. சத்தம், வாசனை, அதிர்வு என்று ஒவ்வொரு இனத்துக்கும் தனி அழைப்பு இருக்கிறது. அந்த அழைப்பைப் போலியாக உருவாக்கினால் பூச்சி ஏமாறும். சுவர்க்கோழி ஓர் இலையை வைத்துச் செய்வதை, மனிதன் ஒரு ரப்பர் குப்பியில் வாசனையை அடைத்துச் செய்கிறான். அந்த வாசனையைக் கண்டறியப் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஜெர்மனியின் அடோல்ஃப் புட்டனாண்ட் பட்டுப்பூச்சியின் பெண் வாசனையை 1959-ல் பிரித்தெடுத்தபோது, அதற்குச் சுமார் 5 லட்சம் பூச்சிகள் தேவைப்பட்டன. பூச்சிகளின் இனக்கவர்ச்சிப் பொருளில் முதலில் இனங்காணப்பட்டது அதுதான். அந்தத் தொடர்ச்சியில் வந்ததுதான் இன்று நாம் கடையில் வாங்கும் லூர்.

ஆணைப் பிடித்தால் போதுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வயலில் 100 ஆண், 100 பெண் அந்துப்பூச்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொறியில் 80 ஆண் விழுந்துவிட்டது. கூடை நிறைந்திருப்பதைப் பார்த்து மனம் குளிரும். ஆனால் மீதி 20 ஆண் இருக்கிறது. ஓர் ஆண் ஒரே ஒரு பெண்ணோடு நின்றுவிடுவதில்லை. அடுத்தடுத்த இரவுகளில் பல பெண்களோடு சேரும். ஆகவே 100 பெண்ணில் மிகப் பெரும்பாலானவை இணை சேர்ந்து முட்டையிட்டுவிடும். ஆண்களில் மிகப் பெரும்பகுதியை, அதுவும் இணை சேரும் முன்பே, பிடித்தால்தான் முட்டை குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வயலில் பெண் அந்து பெருகப் பெருக, லூருக்குப் போட்டி கூடுகிறது. பத்துப் பெண் இருக்கும் வயலில் லூரின் அழைப்பு எடுபடும். ஆயிரம் பெண் அழைக்கும் வயலில் அது கூட்டத்தில் கரைந்துபோகும். அதனால் புழுவைக் கண்ட பிறகு பொறி கட்டுவது, வெள்ளம் வந்த பிறகு கரை போடுவதற்குச் சமம்.

அப்படியென்றால் பொறி வீணா? இல்லை. காய்ப்புழுவுக்கும் படைப்புழுவுக்கும் பொறி முதலில் ஒரு தகவல் சாதனம். பூச்சி வந்துவிட்டதா, எவ்வளவு வந்திருக்கிறது, மருந்து அடிக்கும் அளவுக்கு வந்துவிட்டதா என்பதை அது சொல்லும். பருத்தியில் விதைத்த 45-ம் நாள் வாக்கில், சப்பை கட்டும் பருவத்தில், ஏக்கருக்கு 2 பொறி கட்ட வேண்டும். ஒரு பொறிக்கு ஓர் இரவில் 8 அந்து வீதம் தொடர்ந்து 3 இரவு விழுந்தால் அது எச்சரிக்கை மணி. அதோடு ஏக்கருக்கு 20 பச்சைக் காயைப் பறித்து உடைத்துப் பாருங்கள். இரண்டு காயில் உயிருள்ள புழு இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதழ் விரியாமல் ரோஜா மொட்டுப் போலக் குவிந்து நிற்கும் பூவும் காய்ப்புழுவின் அடையாளம்தான்.

பி.டி. பருத்தி இருக்கிறதே என்று இருந்துவிடவும் முடியாது. முதல் தலைமுறை பி.டி. பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கிக்கொண்டது குஜராத்தில் உறுதியானது 2010 வாக்கில். அதன் பிறகு வந்த இரண்டு மரபணு ரகமும் அதன் முன் தளர்ந்துவிட்டது.

மக்காச்சோளப் படைப்புழு 2018-ல் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்டு, அதே ஆண்டில் தமிழகத்துக்குள் வந்தது. இதற்கு ஏக்கருக்கு 5 பொறி பரிந்துரை. முளைத்த உடனே கட்ட வேண்டும். முதல் ஆண் விழுந்த அன்றே இலையடியில் முட்டைக் குவியலைத் தேட வேண்டும். ஒரு குவியலில் நூற்றுக்கும் மேல் முட்டை இருக்கும். விரலால் நசுக்கிவிட்டால் அத்தனை புழுவும் போயிற்று. குருத்துக்குள் புகுந்த பிறகு எத்தனை டேங்க் அடித்தாலும் மருந்து அதன் மேல் படுவது கடினம்.

மூன்று பொறி, மூன்று கதை

எல்லாப் பொறியும் ஒன்றுபோல இருந்தாலும் வேலை செய்யும் விதம் ஒன்றில்லை. மா, கொய்யாவில் வைக்கும் பழ ஈப் பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது மீத்தைல் யூஜினால். இது பெண் ஈயின் வாசனை கிடையாது. துளசி உள்ளிட்ட பல செடிகளில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருள். ஆண் ஈ இதைத் தேடி வந்து நக்கும். உடலுக்குள் போன பொருள் மாற்றம் அடைந்து, பெண்ணைக் கவரும் வாசனையாக வெளிவரும். அதை உண்ட ஆண், உண்ணாத ஆணைவிடப் பெண்களிடம் அதிகம் எடுபடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாப்பிள்ளை அத்தர் பூசிக்கொள்ள ஓடுவதைப் போல ஆண் ஈ அங்கே ஓடுகிறது. நாம் அத்தர் குப்பியில் மரணத்தை வைக்கிறோம்.

இந்தக் கவர்ச்சி முதலில் கண்டறியப்பட்டது நம் நாட்டில்தான். பீகார் மாநிலம் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஹாவ்லெட் என்ற பூச்சியியலாளர் 1912 முதல் 1915 வரை இதை எழுதி வைத்தார். இந்த இழுப்பு மிகவும் வலுவானது. ஆண் ஈ இணை சேரும் முன்பே அழிந்துவிடும் அளவுக்கு வேலை செய்யக்கூடியது. பசிபிக் கடலில் உள்ள ரோட்டா தீவில் இதை மட்டுமே கொண்டு ஆண்களை அழித்து, 1965-க்குள் பழ ஈயை ஒழித்தார்கள். ஆகவே மாந்தோப்பில் பழ ஈப் பொறி தகவலும் சொல்லும், கட்டுப்படுத்தவும் செய்யும். ஆனால் புடலை, பாகல், பீர்க்கில் வரும் ஈ வேறு இனம். அது மீத்தைல் யூஜினாலுக்கு வராது. அதற்குக் க்யூலூர் என்ற வேறு பொருள் வேண்டும். மாந்தோப்பு லூரைப் பாகல் பந்தலில் கட்டிவிட்டு ஈ விழவில்லையே என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

மூன்றாவது கதை தென்னையில். காண்டாமிருக வண்டுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் வைக்கும் லூர், ஆண் வண்டு வெளியிடும் வாசனையின் நகல். "இங்கே உணவு இருக்கிறது, வாருங்கள்" என்று கூட்டம் சேர்க்கும் அழைப்பு அது. ஆணும் வரும், பெண்ணும் வரும். முட்டையிடும் பெண்ணே பொறியில் விழுவதால் இதன் பலன் நேரடியானது. ஆனால் கூட்டத்தை அழைக்கும் வாசனை என்பதால் ஓர் ஆபத்தும் உண்டு. பொறியை இளங்கன்றுகளுக்கு நடுவில் கட்டினால், வருகிற வண்டு வாளியில் விழாமல் பக்கத்துக் கன்றில் இறங்கிவிடலாம். எனவே தோப்பின் ஓரத்தில், கன்றுகளுக்குத் தள்ளிக் கட்டுவதே நல்லது.

பெண்ணின் வாசனை ஆணை அழைப்பது ஒன்று. ஆணுக்கு அத்தர் காட்டுவது இரண்டு. ஆணின் வாசனை கூட்டத்தையே அழைப்பது மூன்று. கையில் இருக்கும் லூர் இந்த மூன்றில் எது என்று தெரிந்தால், பொறியிடம் எதை எதிர்பார்க்கலாம், எங்கே கட்டலாம் என்பது தானே புரிந்துவிடும். லூர் கொடுக்கும் அலுவலரும் கடைக்காரரும் இந்த ஒரு விளக்கத்தையாவது சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

காலைத் தட்டிப் பெண் கேட்கும் சிலந்தி

நமக்காக வேலை செய்யும் உயிர்களுக்கும் இதே கதைதான். எட்டுக்கால் பூச்சி என்று நாம் ஒதுக்கும் சிலந்தி, நெல் வயலிலும் பருத்தியிலும் கூலி கேட்காத காவல்காரன். குளத்துப் பாசன நெல் வயலில் வலை பின்னாமல் தூருக்குத் தூர் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி, ஒரு நாளில் 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். புகையான், தத்துப்பூச்சி எல்லாம் அதன் இரைதான். பருத்தியில் தாவும் சிலந்தியும், காலெல்லாம் முள்ளோடு இலை மேல் பாயும் சிலந்தியும், பூவுக்குள் பதுங்கும் நண்டுச் சிலந்தியும் உண்டு. சென்னையில் இந்திய அறிவு அமைப்புகளுக்கான மையத்தை நிறுவியவர்களில் ஒருவரான கே. விஜயலட்சுமி, பிரஸ்டன் அகிமாஸுடன் சேர்ந்து சிலந்திகளை அறிமுகப்படுத்தும் ஒரு நூலையே 1993-ல் எழுதினார்.

ஆண் சிலந்திக்குப் பெண்ணை நெருங்குவது உயிர்ப் பிரச்சினை. பெண்ணுக்குப் பசி இருந்தால் வருகிறவன் மாப்பிள்ளையா, இரையா என்று பார்க்காது. அதனால் ஆண் தூரத்தில் இருந்தே தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும். ஓநாய்ச் சிலந்தியில் ஆண், பெண் விட்டுச்சென்ற நூலின் வாசனையைப் பிடித்து வரும். பிறகு முன்கையை ஆட்டும், காலால் தரையைத் தட்டும். அந்தத் தாளத்தைப் பெண் ஏற்றுக்கொண்டால்தான் இணை சேரும். நெல்லில் காலை நீட்டி இலையோடு ஒட்டிக் கிடக்கும் நீளத்தாடைச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஆணும் பெண்ணும் இணை சேரும்போது தாடையைத் தாடையோடு பூட்டிக்கொள்ளும். கடிபடாமல் இருக்க ஆணுக்கு இயற்கை கொடுத்த பூட்டு அது.

இணை சேர்ந்த ஓநாய்ச் சிலந்திப் பெண் முட்டைப் பையை வயிற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டே திரியும். குஞ்சு பொரிந்ததும் 60, 80 குஞ்சுகளை முதுகில் சுமக்கும். வாழ்நாளில் 200 முதல் 400 முட்டை இடும். ஒரு புகையான் பெண்ணும் சில நூறு முட்டை இடும். ஆனால் புகையானுக்குத் தலைமுறை சீக்கிரம் முடிந்துவிடும், சிலந்திக்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டையும் ஒரே மருந்தால் அடித்தால் முதலில் எழுந்து நிற்பது புகையான்தான். காவல்காரன் திரும்பி வர நாளாகும்.

மருந்து சிலந்தியைக் கொல்லாவிட்டாலும் கெடுதல் உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்தில் 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று, வயலில் வாழும் ஓநாய்ச் சிலந்தியையும் கிளைபோசேட் களைக்கொல்லியையும் பற்றியது. சாதாரணமாகப் பெண்ணின் வாசனை காற்றில் வந்தால் ஆண் அந்தப் பக்கம் திரும்பும். களைக்கொல்லி இருந்த இடத்தில் ஆணிடம் அந்த நாட்டம் காணப்படவில்லை. களைக்குத்தானே அடித்தோம் என்று நாம் நினைப்போம். ஆனால் அங்கே ஒரு சிலந்திக்குப் பெண் இருக்கும் திசை தெரியாமல் போகிறது. செத்த சிலந்தியை நாம் எண்ண முடியும். பிறக்காமல் போன சிலந்தியை எண்ண முடியாது.

இதை அனுபவத்தில் கற்றுக்கொண்ட நாடு இந்தோனேசியா. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியதைப் பார்த்து, 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. விவசாயிகள் வயலிலேயே கூடிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் படிக்கும் வயல்வெளிப் பள்ளிகள் அங்கேதான் தொடங்கின. வியட்நாமின் மேகாங் ஆற்றுப் பகுதியில் 1994-ல், முதல் 40 நாள் மருந்து அடிக்காதீர்கள் என்று ஒரே ஒரு செய்தியை எளிமையாகச் சொன்னார்கள். பல ஆயிரம் விவசாயிகள் அதைக் கடைப்பிடித்து மருந்துச் செலவைக் குறைத்தார்கள்.

தண்டில் ஓடும் தந்தி

புகையானுக்கும் ஓர் அழைப்பு இருக்கிறது. அது நம் காதுக்குக் கேட்காது. ஆணும் பெண்ணும் வயிற்றை அசைத்து நெல் தண்டில் அதிர்வை அனுப்புகின்றன. ஒரு தண்டில் இருந்து இன்னொன்றுக்குத் தந்தி அடிப்பது போல அது பரவுகிறது. அந்த அதிர்வைப் பிடித்துத்தான் ஆண் பெண் இருக்கும் இடத்துக்குப் போகிறது. பருத்தித் தத்துப்பூச்சியின் உறவினர்களும் இப்படித்தான் பேசிக்கொள்கின்றன.

இத்தாலியில் திராட்சைத் தோட்டத்துத் தத்துப்பூச்சியின் இந்த உரையாடலைக் கேட்டுப் பதிவு செய்த ஆய்வாளர்கள், கொடிகள் படர்ந்த கம்பியிலேயே குறுக்கு அதிர்வை ஓட்டி, ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்ள முடியாமல் செய்திருக்கிறார்கள். நம் மானாவாரிக்கு அது இப்போது ஒத்துவராது. ஆனால் மருந்து இல்லாமல், பேச்சை மட்டும் கலைத்து ஒரு பூச்சியைக் கட்டுப்படுத்தலாம் என்பது நிரூபணமாகிவிட்டது. நம் ஊர்த் தத்துப்பூச்சியின் பேச்சைப் பதிவு செய்ய நம் ஊர்ப் பிள்ளைகள் முன்வர வேண்டும்.

ஒரு வயல் போதாது

காய்ப்புழுவுக்கு வாசனையைக் கொண்டே செய்யும் இன்னொரு முறை, இணை சேர்வதைக் குழப்புவது. பெண்ணின் வாசனை ஊறிய கயிறுகளை வயல் முழுக்கச் செடிகளில் கட்டுவார்கள். எங்கும் பெண் வாசனை வீசுவதால் உண்மையான பெண் எங்கே என்று ஆணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இந்த முறை 1978-ல் அனுமதி பெற்றது. அதோடு பி.டி. பருத்தி, மலட்டு அந்துகளை விமானத்தில் இருந்து விடுவது, அறுவடைக்குப் பின் மாரை உழுது அழிப்பது எல்லாம் சேர்ந்து, 2018-ல் அந்நாடு காய்ப்புழு ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. நம் நாட்டிலும் இந்தக் கயிறுகள் விற்பனைக்கு வந்துவிட்டன.

ஆனால் கவனியுங்கள். ஒரு விவசாயி மட்டும் தன் இரண்டு ஏக்கரில் கயிறு கட்டினால் என்ன ஆகும்? பக்கத்து வயலில் இணை சேர்ந்த பெண் பறந்து வந்து இங்கே முட்டையிடும். வாசனையால் குழப்பப்படுவது ஆண். ஏற்கெனவே இணை சேர்ந்துவிட்ட பெண்ணை எந்த வாசனையும் தடுக்காது. பொறிக்கும் இதே நிலைதான். எனவே இந்த வழிகள் எல்லாம் ஒரு வயலுக்கானவை இல்லை, ஒரு புலத்துக்கானவை, ஓர் ஊருக்கானவை. நாம் பழைய காலத்தில் குளத்து மராமத்துக்கும் மடை திறப்புக்கும் ஊர் கூடி நாள் குறித்தோமே, அதே போலப் பொறி கட்டவும், லூர் மாற்றவும், பருத்தி மாரை அழிக்கவும் ஊர் கூடி நாள் குறிக்க வேண்டும்.

"பொறி கட்டினால் பக்கத்து வயல் அந்தெல்லாம் என் வயலுக்கு வந்துவிடுமே" என்று பலர் பயப்படுகிறார்கள். வருவது ஆண் என்று தெரிந்தால் பாதிப் பயம் போகும். ஊரே கட்டினால் மீதிப் பயமும் போகும்.

"விலை கிடைக்க வழியில்லை, பூச்சி கல்யாணம் பார்க்கச் சொல்கிறாரே" என்று கோபப்படுபவர்களும் இருப்பார்கள். கோபம் நியாயமானது. விலை நம் கையில் இல்லை. ஆனால் மருந்துச் செலவு ஓரளவு நம் கையில் இருக்கிறது. தேவை இல்லாத ஒரு டேங்க் மருந்தை நிறுத்தினாலே, மருந்துக் காசும் ஆள் கூலியும் மிச்சம். சிலந்தி மட்டுமே எல்லாப் பூச்சியையும் அடக்கிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. எல்லை தாண்டினால் மருந்து அடிக்கத்தான் வேண்டும். எல்லை தாண்டியதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு அடியுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இந்தப் பருவத்தில் செய்ய வேண்டியவை

விவசாயிகளுக்கு: லூரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஒரு பூச்சியின் லூரைத் தொட்ட கையால் இன்னொரு பூச்சியின் லூரைத் தொடாதீர்கள், வாசனை கலந்துவிடும். பொறியைப் பயிரின் உச்சிக்கு ஓர் அடி மேலே நிறுத்துங்கள். பயிர் வளர வளரப் பொறியும் உயர வேண்டும். விழுந்த ஆணை எண்ணி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதாத எண்ணிக்கையால் பயன் இல்லை. மருந்து அடிக்கும் முன் பத்துச் செடியில் சிலந்தியையும் எண்ணுங்கள். முட்டைப் பையோடு திரியும் சிலந்தி கண்ணில் பட்டால், அது வயலுக்கு வரப்போகும் ஐம்பது, அறுபது காவல்காரர்களைச் சுமக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பயிரின் முதல் 30, 40 நாளில் கண்ணை மூடிக்கொண்டு மருந்து அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வரப்பில் தட்டைப்பயறு போடுவதும், வரப்புப் புல்லை மொத்தமாகத் தீயிடாமல் இருப்பதும் சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

களப்பணியில் இருக்கும் வேளாண் அலுவலர்களுக்கு: எத்தனை பொறி வழங்கினோம் என்ற கணக்கோடு, எத்தனை பொறியில் லூர் மாற்றப்பட்டது, எத்தனை பேர் எண்ணிக்கை எழுதினார்கள் என்ற கணக்கையும் எடுங்கள். ஊர் மந்தையில் ஒரு கரும்பலகை போதும். இந்த வாரம் நம் புலத்தில் ஒரு பொறிக்கு எத்தனை ஆண் அந்து என்று எழுதி வைத்தால், மருந்துக் கடைக்குப் போகும் முன் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். பயிற்சி முகாமில் மருந்தின் பெயர்ப் பட்டியல் படிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஒரு கண்ணாடிக் குடுவையில் இரண்டு சிலந்தியை விட்டுக் காட்டுங்கள். ஆண் காலைத் தட்டுவதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஆராய்ச்சி நிலையங்களுக்கு: 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும், கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கரிசல் பருத்தியிலும் குளத்து நெல்லிலும் எந்தெந்தச் சிலந்தி எந்த மாதத்தில் இணை சேர்கிறது, எப்போது முட்டைப் பையோடு திரிகிறது என்று ஒரு நாள்காட்டியைத் தமிழில் தயாரித்துக் கொடுங்கள். விதைப்பு நாள்காட்டி போல அதுவும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்கட்டும். மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயிலும் காலத்தில் செய்வதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

ஒரு பூச்சியைக் கொல்வதற்கு அதன் பெயர் தெரிந்தால் போதும் என்று இத்தனை காலம் நினைத்தோம். அது யாரை அழைக்கிறது, யார் அந்த அழைப்புக்கு வருகிறார்கள் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இனிமேல் பொறியில் அந்து விழுந்தால், தாய்ப்பூச்சி விழுந்தது என்று சொல்லாமல் ஆண் விழுந்தது என்று சொல்லிப் பழகுங்கள். அப்படிச் சொல்லும்போதே தாய் எங்கே என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியோடு இலையின் அடியைப் புரட்டிப் பார்ப்பவர், மருந்துக்காரருக்கு முந்திக்கொள்வார்.